குருத்து விரியாத செம்பனை

செம்பனையின் உச்சியில் விரியாத குருத்து ஒன்று நிற்பது இயல்பு. மூன்று, நான்கு என்று சேர்ந்து நின்றால், வெயில் காலத்தில் அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று சொல்லிவிடலாம். நல்ல மழை பெய்துகொண்டிருக்கும் போதும் அப்படி நின்றால் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு மரத்தின் அடியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே தண்டின் உட்பகுதியில் பாதி அழுகியிருக்கும். அந்த மரத்தை மீட்டுத் தரும் மருந்து இதுவரை இல்லை.

நோயின் பெயர் அடித்தண்டு அழுகல். உண்டாக்குவது கானோடெர்மா போனினென்ஸ் என்ற காளான். பெயரில் உள்ள போனின், ஜப்பானுக்குத் தெற்கே உள்ள தீவுக்கூட்டம். அங்கிருந்து வந்த மாதிரியை வைத்துத்தான் 1889இல் பிரெஞ்சுக் காளானியலாளர் பதூயார் அதற்குப் பெயரிட்டார். மலேசியச் செம்பனையைத் தாக்கும் நோய்களில் இதைவிடப் பெரிய நட்டத்தைத் தருவது வேறில்லை. அதன் பழைய கோட்டை, நாம் குடியிருக்கும் இதே கரைதான். காப்பார், கிள்ளான், பந்திங், கேரித் தீவு, வடக்கே கோலா சிலாங்கூர் வரை நீளும் கடலோரக் களிமண் நிலம்.

தலைநகரில் இருக்கிறவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை துன் சம்பந்தன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வாங்கிய பங்கை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. அந்தச் சங்கத்தின் தோட்டங்களில் பால்மரம் போய் இன்று பெரும்பாலும் நிற்பது செம்பனை. அது போக, கோலா லங்காட்டிலும் கோலா சிலாங்கூரிலும் மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சொந்தமாக வைத்துக்கொண்டு வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்குத்தான். வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற கண்ணுக்கு இந்த நோய் கடைசிக் கட்டத்தில்தான் புலப்படும்.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில் பிறந்தது. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நட்டார். இன்று அந்த ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். 1931இல் வேளாண் துறையைச் சேர்ந்த தாம்சன் மலாயாச் செம்பனையில் தண்டு அழுகல் இருப்பதைப் பதிவு செய்தார். தொடக்க காலத்தில் அது கிழட்டு மரங்களின் நோய். 25 வயதைத் தாண்டிய மரங்களில் மட்டுமே கண்டார்கள். எப்படியும் சாய்க்க வேண்டிய மரம் தானே சாய்கிறது, போகட்டும் என்று விட்டார்கள். அந்த அலட்சியத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்றைக்கு அது கணக்குக்குப் பொருந்திய முடிவு.

1950களின் பிற்பாதியில் அதே நோய் பத்து, பதினைந்து வயது மரங்களில் தென்பட்டது. 1961இல் நவரத்தினம் என்ற ஆய்வாளர் காளானைத் தூய வளர்ப்பாக எடுத்துச் செம்பனைக்கு ஏற்றி, நோயை உண்டாக்கிக் காட்டினார். காளானின் மீது இருந்த குற்றச்சாட்டு அதோடு உறுதியானது. எந்த இனம் என்பதில் மட்டும் குழப்பம் நீடித்தது. தீபகற்பச் செம்பனையைக் கொல்வது கானோடெர்மா போனினென்ஸ்தான் என்று ஹோ, நவாவி என்ற ஆய்வாளர்கள் 1985இல் எழுதிய பிறகு அது தெளிந்தது. 1991இல் குர்மிட் சிங் என்பவர், கடலோரச் செம்பனையின் கொள்ளைநோய் என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் மறுநடவு செய்த வயல்களில் நான்கு, ஐந்து வயது மரங்கள் விழ ஆரம்பித்திருந்தன. நட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன கன்றுகளிலும் நோய் கண்டார்கள்.

25 வயது, பிறகு 15, பிறகு 5. இந்த வரிசைதான் இந்தக் கட்டுரையின் செய்தி. காளான் வீரியம் கூடி மாறிவிட்டது என்பதைவிட, ஒவ்வொரு முறை நடும்போதும் அதற்குத் தீனியை நாமே மண்ணுக்குள் விட்டுவைத்தோம் என்பதுதான் இதற்கு நேரான விளக்கம்.

கிள்ளான் கரையில் செம்பனைக்கு முன்னால் பல இடங்களில் தென்னை நின்றது. இங்குள்ள தென்னையை இந்தக் காளான் பெரும்பாலும் கொல்வதில்லை. ஆனால் வெட்டி விட்ட தென்னை அடிக்கட்டையில் சாவகாசமாகக் குடியேறி, ஆண்டுக்கணக்கில் தின்று வளர்கிறது. பழைய தென்னையின் நிழலிலேயே செம்பனைக் கன்றை நட்டு, கன்று தலைதூக்கியதும் தென்னையை நஞ்சூட்டிச் சாகவிடுவது அந்தக் காலத்துச் சிக்கன முறை. வருமானம் இடையில் நிற்காது என்பதற்காகச் செய்தார்கள். பிறகு பழைய செம்பனைக்கு அடியிலும் அதையே செய்தார்கள். இந்த வயல்களில்தான் நோய் மிகக் கடுமையாக வந்தது. மரத்தின் 25 ஆண்டுப் பொருளாதார வாழ்நாளில் பாதி கழிவதற்குள் 80 விழுக்காடு வரை மரங்களை இழந்த வயல்களும் பதிவாகியிருக்கின்றன.

உள்நாட்டுச் செம்மண்ணுக்கும் சதுப்பு நிலக் கரிமண்ணுக்கும் இந்த நோய் வராது என்று நெடுநாள் நம்பினார்கள். இரண்டு நம்பிக்கையும் பொய்த்துவிட்டன. 2009இல் எடுத்த கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 59,148 ஹெக்டரில் நோய் கண்டது. கணக்கெடுத்த பரப்பில் அது 3.71 விழுக்காடு. இப்படியே போனால் 2020இல் 4,43,430 ஹெக்டர் வரை எட்டலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். கணிப்பு கணிப்புதான், நடந்த கணக்கு அல்ல. ஆனாலும் நாட்டின் மொத்தச் செம்பனைப் பரப்பு சுமார் 56 லட்சம் ஹெக்டர் என்பதோடு வைத்துப் பார்த்தால், அவர்கள் எதை நினைத்துப் பயந்தார்கள் என்பது விளங்கும்.

சாய்ந்த மரம் ஒன்றின் அடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் பாடம் ஒரே பார்வையில் புரியும். வெளிவட்டம் திடமாக இருக்கும், கையால் தட்டினால் மரமாகவே இருக்கும். உள்ளே வெளிர்பழுப்பாக ஒரு பரப்பு, விரலால் கிள்ளினால் நார் நாராகப் பிய்ந்து வரும். அதன் குறுக்கே கரும்பழுப்புக் கோடுகள் கோணல்மாணலாக ஓடும். அழுகலுக்கும் நல்ல சதைக்கும் நடுவே மஞ்சளாக ஒரு விளிம்பு, மரம் எதிர்த்து நின்ற எல்லை அது. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின் என்ற பொருள். பெரும்பாலான கிருமிகளால் அதைச் செரிக்க முடியாது. இந்தக் காளான் அதையே முதலில் செரிக்கிறது. செம்பனைக்கு மற்ற மரங்களைப்போல் ஆண்டுதோறும் புதுத் தண்டு சுற்றி வளரும் படலம் கிடையாது. போன சதை போனதுதான், ஆறி மூடுவது என்பது அதன் உடலமைப்பில் இல்லை.

வேர் வழியே நுழைந்து, அடித்தண்டுக்குப் போய், நீரேற்றும் குழாய்களை அறுத்த பிறகுதான் மேலே அடையாளம் தெரிகிறது. முதலில் குருத்துகள் விரியாமல் நிற்கும். ஓலை வெளிறும், உரம் போதவில்லை என்று தோன்றும். பலர் இந்தக் கட்டத்தில் இன்னொரு மூட்டை உரத்தைக் கொட்டிப் பணத்தை விடுகிறார்கள். பிறகு கீழ் ஓலைகள் மடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடைபோல் தொங்கும். அடியில் வெள்ளைக் குமிழ் ஒன்று புறப்படும். சில வாரங்களில் அது விரிந்து தட்டுப்போல் ஆகும். மேலே அரக்குப் பூசிய பளபளப்பு, கீழே வெள்ளை, விளிம்பும் வெள்ளை. எல்லா மரத்திலும் இந்த வரிசை பிசகாமல் வராது. ஓலையில் குறையே தெரியாத மரத்தின் அடியில் தட்டுக்காளான் நிற்பதுண்டு. காளானே தெரியாமல் காற்றில் சாய்ந்து விழும் மரமும் உண்டு. இளமரம் அடையாளம் தெரிந்து ஆறு மாதம் முதல் இரண்டாண்டுக்குள் சாகும். முதிர்ந்த மரம் இரண்டு மூன்று ஆண்டு தாக்குப்பிடிக்கும்.

காளான் குடையை உடைத்து எறிந்தால் நோய் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பதன் கனிதான் அது. உடைத்தால் வித்துத் தூள் பரவுவது குறையும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு வேடிக்கை, இதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு காளானைத்தான் லிங்ஸி என்று காப்பித்தூளில் கலந்து பேரங்காடிகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

நோய் பரவுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கட்டையையும் வேரையும் புதிய கன்றின் வேர் தொடும்போது தொற்றுகிறது என்பது நீண்டகாலமாக நிலைத்த கருத்து, அது சரியும்கூட. ஆனால் ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் நோய்ப்பட்ட மரங்களிலிருந்து காளானை எடுத்து மரபணுவை ஒப்பிட்டபோது, அவை ஒரே காளான் படர்ந்து சென்றவை அல்ல, வெவ்வேறு தனி உயிர்கள் என்று தெரியவந்தது. அப்படியானால் காற்றில் பறக்கும் வித்துகளும் புதிய கட்டைகளில் இறங்கி முளைக்கின்றன. மரத்துக்கு மரம் அகழி வெட்டினால் போதும் என்ற பழைய ஆலோசனை ஏன் சில இடத்தில் பலித்தது, பல இடத்தில் பலிக்கவில்லை என்பதற்கு இதில் ஒரு பதில் உண்டு. வெட்டிவிட்டு அப்படியே விட்ட புதுக்கட்டை, நோயே இல்லாத மரத்தினுடையதாக இருந்தாலும், காளானுக்குக் காலியாகக் கிடக்கும் வீடு.

கணக்குப் புத்தகமும் இங்கே ஏமாற்றும். ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் வரை நடுகிறார்கள். அதில் சில மரங்கள் விழும்போது பக்கத்து மரங்களுக்கு வெயில் கூடுகிறது. அவை கூடுதலாகக் குலை தள்ளி இழப்பை மறைத்துவிடுகின்றன. ஏறத்தாழ பத்தில் ஒன்று போகும் வரை எடை குறைந்தது தெரியாது. குறைவு தெரிய வரும்போது நோய் வயல் முழுவதும் இருக்கும். விளைச்சல் சீட்டைப் பார்த்து முடிவெடுப்பவர் நிச்சயம் தாமதமாகத்தான் முடிவெடுப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரை நிரையாக நடந்து ஒவ்வொரு மரத்தின் அடியையும் பார்த்து எண் போடுவதற்கு மாற்று இல்லை. பெரிய தோட்டங்களில் மண்டோர் கையில் ஒரு கட்டையோடு போய்த் தண்டைத் தட்டிக் கேட்பார். நல்ல தண்டு கணீரென்று பேசும், உளுத்தது மந்தமாக முனகும். தண்டின் உள்ளே ஒலி அலை செலுத்திப் படம் எடுக்கும் கருவியும், வானிலிருந்து ஓலையின் நிறமாற்றத்தை அளக்கும் டிரோனும் வந்துவிட்டன. ஐந்து ஏக்கர்க்காரருக்குக் கட்டையும் காதும் போதும்.

நம்மில் பலருடைய முன்னோர் எந்த மாவட்டத்திலிருந்து கப்பலேறினார்களோ, அந்தத் தஞ்சாவூரின் பெயரிலேயே இந்த நோய்க்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. அங்கே தென்னையைத் தாக்கும் கானோடெர்மா அடித்தண்டழுகலைத் தஞ்சாவூர் வாடல் நோய் என்கிறார்கள். 1952 புயலுக்குப் பிறகு அந்தக் கடலோரத்தில் அது பெருகியது. அடையாளம் கொஞ்சம் வேறு. தண்டின் அடியில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பாகச் சாறு வடியும், அது நாளாக ஆக மேலே ஏறும். புயல் சாய்த்த மரம், மண்ணில் தங்கிய கட்டை, கடலோர மணல், பராமரிப்பில்லாத தோப்பு என்று சேர்ந்தால் நோய்க்கு வேறு எதுவும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்தில் லட்சக்கணக்கில் தென்னைகளை வீழ்த்தியபோது, விழுந்த மரத்தை விற்பதையும் அகற்றுவதையும் பற்றித்தான் பேச்சு இருந்தது. மண்ணுக்குள் நின்ற அடிக்கட்டைகளைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தென்னைக்குச் சொல்லும் முறைகள் பொறுமை கேட்பவை. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, ட்ரைக்கோடெர்மா கலந்த தொழுவுரம், ஒரு விழுக்காடு போர்டோ கலவையை மரத்தைச் சுற்றி 40 லிட்டர் ஊற்றுவது, நோய்ப்பட்ட மரத்தைச் சுற்றி இரண்டடி ஆழத்துக்குத் தனிமைப்படுத்தும் அகழி. பென்சில் பருமனில் இளவேர் ஒன்றைத் தேடிச் சாய்வாகச் சீவி, மருந்து நிறைந்த பாலித்தீன் பையில் அதை விட்டுக் கட்டிவிடுவதும் ஒரு முறை, வேர் தானாக உறிஞ்சிக்கொள்ளும். தொடக்க நிலையில் கண்டுபிடித்த தென்னைக்கு இவை உதவுகின்றன. அதை அப்படியே கிள்ளான் செம்பனைக்குச் செய்து பலன் எதிர்பார்ப்பது வேறு விஷயம். அங்கே வீட்டுத் தோப்பில் ஐம்பது மரத்துக்குக் கைவைத்தியம் பார்க்கலாம். இங்கே ஐந்து ஏக்கரிலேயே 250க்கு மேல் மரம் நிற்கிறது.

சந்தையில் பாட்டில் பாட்டிலாக நிறைய விற்கிறார்கள். ஒரே ஊற்றில் கானோடெர்மா குணம் என்று சொல்கிறவரிடம், நோய்ப்பட்ட மரத்தை மூன்றாண்டு கழித்து அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹெக்ஸகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியைத் தண்டில் துளையிட்டு அழுத்தத்தோடு செலுத்தும் முறையை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் சோதித்திருக்கிறது. அது தொடக்கத்தில் உள்ள மரத்தின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டுகிறது, காளானை வேரோடு அழிப்பதில்லை. அடித்தண்டைச் சுற்றி முக்கால் மீட்டர் உயரம் மண் அணைப்பதும் அப்படித்தான். மண்ணுக்குள் புது வேர் விட்டு மரம் கொஞ்ச காலம் நிமிர்ந்து நிற்கும், குலை வெட்டலாம். ட்ரைக்கோடெர்மா, ஹெண்டர்சோனியா போன்ற நன்மைப் பூஞ்சைகள் கன்றுப் பருவத்திலிருந்தே வேரில் இருந்தால் தொற்று தாமதப்படுகிறது. எல்லாமே காலத்தை வாங்கும் செலவுகள். அப்படித் தெரிந்து செய்தால் தவறில்லை. குணமாகும் என்று நம்பிச் செய்தால் பணம் போகும், அதோடு நோய்ப்பட்ட கட்டை தோட்டத்துக்குள்ளேயே நின்று வித்து உதிர்க்கும்.

வேறொரு பயிரோடு ஒப்பிட்டால் நம் சிக்கல் தெளிவாகும். அமெரிக்கச் சோயா விவசாயிக்கும் வேரும் தண்டும் அழுகும் நோய் இருக்கிறது. பைட்டோப்தோரா சோஜே என்ற நீர்க்கிருமி 1948இல் இந்தியானா மாநிலத்தில் முதலில் கண்ணில் பட்டது. மண்ணில் பல ஆண்டு உயிரோடு காத்திருக்கும் வித்து அதற்கும் உண்டு. ஆனால் அவருடைய பயிர் சில மாதங்களில் முடிகிறது. ஆர்பிஎஸ் என்ற எதிர்ப்பு மரபணு கொண்ட ரகத்துக்கு மாறுகிறார், விதைக்கு மருந்து பூசுகிறார், வடிகாலைச் சரிசெய்கிறார். ஓர் ஆண்டு தப்பாகப் போனால் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்கிறார். நாம் தௌஃபூவாகவும் தெம்பேயாகவும் சாப்பிடும் சோயாவின் பின்னால் அந்த வசதி இருக்கிறது. செம்பனை நடுகிறவர் 25 ஆண்டுக்கு ஒருமுறைதான் முடிவெடுக்கிறார். அந்த ஒரு தடவை தவறினால் திருத்த அடுத்த தலைமுறை வர வேண்டும்.

அந்த ஒரு தடவை, மறுநடவு நாள். நோய்க்கு எதிராக நிச்சயமாகப் பலன் தரும் வேலை அன்றைக்கு மட்டும்தான் செய்ய முடியும். மரத்தைத் தள்ளிவிட்டு, தண்டைச் சீவல் சீவலாக அறுத்து, அடிக்கிழங்கையும் சுற்றியுள்ள வேர்த்திரளையும் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தோண்டி எடுத்து, அதையும் உடைத்துப் பரப்பிக் காயவிட வேண்டும். துண்டு சிறிதானால் காளானுக்கு இருப்புச் சத்து குறையும், புதுக் கன்றைத் தாக்கும் வலு போகும். நோய்த்தாங்கும் தன்மையைச் சோதிக்க ஆய்வாளர்கள் நாற்றுப்பையில் என்ன வைக்கிறார்கள் தெரியுமா? காளான் ஏற்றிய பால்மரக் கட்டைத் துண்டு, ஆறு சென்டிமீட்டர்க் கட்டம். ஒரு நாற்றைக் கொல்ல அதுவே போதும். மண்ணுக்குள் நாம் விட்டுவரும் அடிக்கிழங்கின் பருமனை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். புதுக் கன்றைப் பழைய குழியில் வைக்காமல் பழைய நிரைகளுக்கு இடையில் வைக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

முன்பு எல்லாவற்றையும் குவித்து எரித்துவிடுவார்கள். 1989இல் கோல்டன் ஹோப் நிறுவனம் எரிக்காத மறுநடவைத் தொடங்கியது. 1992இல் ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதும் பெற்றது. இன்று திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். புகைமூட்டத்தில் மூச்சுத் திணறிய கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் யாரும் அதை எதிர்க்க மாட்டார்கள். ஆனால் எரிக்காத முறை என்றால் சீவல்கள் வயலிலேயே மக்க வேண்டும். தடிமனாக அறுத்துவிட்டால் மக்க நெடுநாள் ஆகும், அதற்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். மெல்லியதாகச் சீவி, மேலே மூக்குனா போன்ற மூடுபயிரைப் படரவிட்டால் இரண்டு தொல்லையும் குறையும். கூலியை மிச்சப்படுத்த மண்வாரிக்காரர் தண்டை மட்டும் நறுக்கிவிட்டு அடிக்கிழங்கை விட்டுப் போனால், எரித்த காலத்தைவிட நிலைமை மோசமாகும்.

தள்ளிப்போடுவது இன்னொரு பொறி. ஆண்டுக்கு மொத்தப் பரப்பில் 4 விழுக்காடு மறுநடவு ஆக வேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அண்மைய ஆண்டுகளில் 2 விழுக்காட்டைச் சுற்றியே நடக்கிறது. காரணம் புரிகிறது. எண்ணெய் விலை ஏறியிருக்கும்போது குலை தரும் மரத்தைச் சாய்க்க மனம் வராது. இறங்கியிருக்கும்போது சாய்க்கக் காசு இருக்காது. நட்ட பிறகு முதல் குலைக்கு இரண்டரை, மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு ஓராண்டு நிலத்தைத் தரிசாக விடுங்கள், நோய் குறையும் என்று நிபுணர் சொன்னால், சிறுதோட்டக்காரர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். பார்த்தது நியாயம். சிறுதோட்டக்காரர்களின் மறுநடவுக்கு அரசு பாதி மானியமாகவும் பாதிக் கடனாகவும் உதவி தரும் திட்டம் இருப்பது இதனால்தான். ஆனாலும் முப்பது வயதைத் தாண்டிய மரங்கள் ஒவ்வொன்றாக நின்றபடி செத்துக்கொண்டிருக்கும் வயலில், ஒவ்வொரு சாவும் அடுத்த நடவுக்கான தொற்றைச் சேமிக்கிறது.

ரகத்தை நம்பலாமா? ஓரளவுக்கு. நாம் நடும் டெனேரா ரகத்தின் தாய்வழி, டெலி துரா என்ற வகை. அதன் மூலம் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நட்ட நான்கே நான்கு கன்றுகள். ஒரு பெரும் தொழிலின் தாய்வழி நான்கு மரங்களில் நிற்கிறது. அந்த வழி இந்த நோய்க்கு எளிதில் பலியாகிறது என்றும், ஜையர், கேமரூன் வழி வந்தவை கொஞ்சம் தாங்குகின்றன என்றும் நாற்றுச் சோதனைகள் காட்டின. ஓரளவு தாங்கும் விதைகள் விற்பனைக்கும் வந்துவிட்டன. தாங்கும் என்றால் தாமதமாகச் சாகும், குறைவாகச் சாகும் என்று பொருள். நோயே வராத செம்பனை ரகம் எதுவும் இல்லை. அந்த விதையை அழுகிய கட்டைக்குப் பக்கத்தில் நட்டுவிட்டு விதைக்காரரைத் திட்டக் கூடாது.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தாமான்களின் ஓரத்தில், வீட்டு முற்றத்தில் அழகுக்கு நிற்கும் பனை வகைகளிலும் கானோடெர்மா வரும். அடியில் பளபளப்பான தட்டுக்காளான் கண்டால் அதன் கீழே காரை நிறுத்தாதீர்கள், பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். அழுகிய அடியில் நிற்கும் மரம் எந்தப் பக்கம், எந்த மழையில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. நகராண்மைக்குச் சொல்லி அகற்றச் செய்யுங்கள்.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்குப் பாங்கியில் இருக்கும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் தொலைவில் இல்லை. சிறுதோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல அந்த வாரியத்தின் துனாஸ் அதிகாரிகள் இருக்கிறார்கள், சாய்ப்பதற்கு முன்பே அவர்களை வயலுக்கு அழையுங்கள். நோய்ப்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் சாயத்தால் குறியிட்டு வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பந்தக்காரரோடு பேசும்போது, அடிக்கிழங்கைத் தோண்டி எடுத்து உடைப்பதும் கூலியில் சேர்த்தி என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில், எவ்வளவு மலிவாக இருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.